மேலிருந்து கீழே போகிறது, கீழிருந்து மேலே வரவில்லை: வீட்டுக் கணினிகளுக்கு இடையில் கோப்புப் பகிர்வு

கணக்கு ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு கணினிகள். கீழே முன் அறையில் இருப்பது பழையது, விண்டோஸ் 10. அப்பா படிப்பித்த காலம் தொட்டுச் சேர்த்த இணைந்த கணித வினாத்தாள்கள், விடைத்திட்டங்கள், பிறகு நான் ஸ்கேன் செய்து வைத்தவை எல்லாம் அதில்தான். மேல்மாடியில் நான் வகுப்பு எடுக்கும் அறையில் புதியது ஒன்று, விண்டோஸ் 11.

ஃபைபர் ரவுட்டர் கீழே இருக்கிறது. கொங்கிறீற் தட்டைத் தாண்டி வைஃபை வடிவாக வருவதில்லை. அதனால் தம்பி கட்டாருக்குப் போகும் முன் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து மேலே பூட்டிவிட்டுப் போனார். புதிய கணினி அந்த ரவுட்டரில் கேபிளில்தான் இருக்கிறது. இணையம் இரண்டு இடத்திலும் குறையில்லாமல் வருகிறது.

பிரச்சினை இதுதான். மேலிருந்து கீழுள்ள கணினியின் ஐபி முகவரியைத் தட்டினால் ஃபோல்டர் திறக்கிறது. கணினியின் பெயரைக் கொடுத்தால் திறக்காது. 'நெட்வேர்க்' பக்கத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. கீழிருந்து மேலே போக முகவரி கொடுத்தாலும் சரி, பெயர் கொடுத்தாலும் சரி, பாதை கிடைக்கவில்லை என்று 80070035 இல் முடியும் பிழை எண்தான் வருகிறது. இரண்டிலும் பகிர்வு ஓனில் இருக்கிறது.

உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. பென் டிரைவில் கொண்டு திரிந்து, திருத்திய பிரதி எது, பழையது எது என்று பிரித்தறிய முடியாமல் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாம்பல்தீவான்

ரீச்சர், கண்ட்ரோல் பேனலில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' போய் எஸ்எம்பி 1 என்று இருப்பதை ஓன் பண்ணுங்கள். ஒருக்கா ரீஸ்டார்ட் கொடுத்தால் நெட்வேர்க் பக்கத்தில் கணினி வந்துவிடும். நானும் அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன்.

வயர்மேன்

முதலில் இரண்டிலும் ஃபயர்வோலை ஓஃப் பண்ணிப் பாருங்கள். வந்தால் பிரச்சினை அங்கேதான்.

உட்துறைமுகம்

ரீச்சர், தயவு செய்து இரண்டையும் செய்ய வேண்டாம். குறிப்பாக முதலாவதை.

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பரிமாறப் பேசும் முறை. 1980களில் ஐபிஎம்மில் தொடங்கியது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வன்னகிரை என்ற பணயத் தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது, பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகள் பூட்டப்பட்டன. பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். அதே ஆண்டு பிற்பகுதியில் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 எஸ்எம்பி 1 ஐ ஒதுக்கிவைக்கத் தொடங்கிவிட்டது. இருபது முப்பது வருடச் சேகரிப்பு இருக்கும் கணினியில் அந்தக் கதவைத் திரும்பத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று, உங்கள் கதையில் ஒரு திசை வேலை செய்கிறது. மேலிருந்து முகவரி கொடுத்தால் திறக்கிறது என்றால், கீழுள்ள கணினியின் பகிர்வும் சரி, அதன் ஃபயர்வோலும் சரி, இரண்டுக்கும் பொதுவான எஸ்எம்பி பதிப்பும் இருக்கிறது. அமைப்புகளைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு எனக்கு ஒரேயொரு விடயம் சொல்லுங்கள்.

இரண்டு கணினியிலும் செட்டிங்ஸ், நெட்வேர்க் அண்ட் இன்டர்நெட், அங்கே புரொபர்ட்டீஸ். 'ஐபிவி4 அட்ரஸ்' என்று நான்கு எண்கள் புள்ளி வைத்து இருக்கும். இரண்டையும் அப்படியே எழுதுங்கள். 192.168 இல் தொடங்கும் முகவரியை இங்கே போடுவதில் ஆபத்தில்லை. உலகம் முழுக்க வீடுகளில் அதே எண்கள்தான், வெளியிலிருந்து யாரும் அதைப் பிடித்து உள்ளே வர முடியாது.

சாம்பல்தீவான்

அண்ணா, ஆனால் எஸ்எம்பி 1 இல்லாமல் நெட்வேர்க் பக்கத்தில் கணினிகள் தெரியாதே? முன்பு வீட்டுக் கணினிகளுக்குள் எளிதாகப் பகிர ஹோம்குரூப் என்ற வசதி இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள்.

உட்துறைமுகம்

தெரியும் தம்பி. ஹோம்குரூப் 2018 இல் வந்த 1803 பதிப்போடு போய்விட்டது, உண்மை. பழைய முறையில் அந்தப் பட்டியல் எஸ்எம்பி 1 ஓடு கட்டப்பட்டிருந்தது. இப்போது அதற்கு வேறு வழி. ஒவ்வொரு கணினியும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வலையமைப்பில் தானே அறிவிக்கும். அதைச் செய்யும் சேவைக்கு 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்று பெயர். சேர்விசஸ் பட்டியலில் அதைத் தேடி, தொடக்க வகையை ஓட்டோமற்றிக் ஆக்கி, ஸ்டார்ட் கொடுங்கள். தெரிய வேண்டிய கணினியில் அது ஓட வேண்டும், பார்க்கிற கணினியில் மட்டும் ஓடிப் பயனில்லை. பலர் விடுவது இந்த இடத்தில்தான்.

பட்டியலில் தெரியாவிட்டாலும் பகிர்வு கெட்டுப்போகாது. முகவரிப் பட்டையில் இரண்டு சரிவுக்கோடு போட்டு ஐபியைத் தட்டினால் திறக்கும். \\192.168.1.34 என்ற மாதிரி.

கணக்கு ரீச்சர்

பார்த்தேன். கீழே 192.168.1.34. மேலே 192.168.0.102.

உட்துறைமுகம்

இதுதான் நோய். மருந்தும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் மூன்று எண்களைப் பாருங்கள். கீழே 192.168.1, மேலே 192.168.0. வீட்டு ரவுட்டர்களில் வழக்கமாக 255.255.255.0 என்ற முகமூடிதான் ('சப்நெட் மாஸ்க்', முகவரியில் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) இருக்கும். அப்படியானால் முதல் மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இரண்டு கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் வீட்டில் ஒன்றல்ல, இரண்டு வலையமைப்புகள். கீழிருந்து வந்த கேபிள் மேல் ரவுட்டரில் தனி நிறத்தில் இருக்கும் 'வான்' துளையில் குத்தப்பட்டிருக்கும், பாருங்கள். அந்தத் துளை இணையம் வரும் வழி. அதில் வருவதெல்லாம் வெளியுலகம் என்று எண்ணித்தான் ரவுட்டர் நடந்துகொள்ளும். கேற்றில் நிற்கும் காவலாளி மாதிரி, உள்ளேயிருந்து ஒருவர் கேட்டனுப்பிய பதில் வந்தால் விடும், தானாக வந்து தட்டுபவரை விடாது.

இப்போது உங்கள் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். மேலிருந்து கீழே போனால், மேல் ரவுட்டர் உங்கள் கணினியின் முகவரியை மறைத்துத் தன் வெளிப்பக்க முகவரியைப் போட்டு அனுப்புகிறது. அந்த வெளிப்பக்க முகவரி கீழ் ரவுட்டர் கொடுத்தது, ஆகவே அதுவும் 192.168.1 குடும்பம். கீழுள்ள கணினி, பக்கத்து வீட்டுக்காரர்தானே என்று திறந்துவிடுகிறது. பெயரைக் கொடுத்துத் தேடினால் அந்தக் கூப்பாடு அந்தந்த வலையமைப்புக்குள் மட்டும்தான் கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது. நெட்வேர்க் பக்கம் வெறுமையாக இருப்பதும் அதனால்தான். கீழிருந்து 192.168.0.102 ஐக் கேட்டால் கீழ் ரவுட்டருக்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியாது. இணையப் பக்கம் தள்ளிவிடும், அங்கே அது அழிந்துபோகும்.

விண்டோஸில் எந்த அமைப்பை மாற்றினாலும் இது தீராது. நீங்கள் பகிர்வைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்திருப்பீர்கள், அங்கே பிழையே இல்லை.

பாலையூற்றுப் பொடியன்

அண்ணா, நான் கோணேசபுரிக் கம்பஸில் படிக்கிறேன். மேல் ரவுட்டரில் போர்ட் ஃபோர்வேடிங் போட்டு, அதாவது வெளியிலிருந்து 445 ஆம் இலக்க வாசலுக்கு வருவதை அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டால் கேபிளைத் தொடாமலே முடியுமே?

உட்துறைமுகம்

நல்ல கேள்வி தம்பி. எஸ்எம்பி 445 இல்தான் பேசும், அது சரி. ஆனால் திருப்பிவிட்டாலும் இன்னொரு தடை நிற்கும். விண்டோஸ் ஃபயர்வோலில் கோப்புப் பகிர்வுக்கான விதி, பிரைவேட் வலையமைப்பில் 'லோக்கல் சப்நெட்', அதாவது அதே வலையமைப்பு மட்டும், என்ற வரம்போடுதான் இயல்பாக இருக்கும். 192.168.1.34 இலிருந்து வரும் கோரிக்கை மேலுள்ள கணினிக்கு வெளியூராகத்தான் படும். அந்த விதியையும் அகட்ட வேண்டும். பெயர்த் தேடல் அப்போதும் வராது. ஒரு கேபிளை இடம் மாற்றினால் முடிகிற வேலைக்கு இரண்டு இடத்தில் ஓட்டை போட வேண்டுமா?

படிக்கிற பிள்ளை என்பதால் சொல்கிறேன், இதை மனதில் வைத்துக்கொள். உள்ளே இருக்கும் ரவுட்டரில் 445 ஐத் திறப்பது சுற்றுவழி, அவ்வளவுதான். ஃபைபர் ரவுட்டரில் திறந்தால் வீட்டை முழு இணையத்துக்கும் திறந்துவிட்டதாகும். அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

கணக்கு ரீச்சர்

இப்போதுதான் விளங்குகிறது. ஏன் ஒரு பக்கம் மட்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. கேபிளை நானே மாற்றுவேன் அண்ணா. படிப்படியாகச் சொல்லுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லைத் தம்பி ஒட்டி வைத்திருக்கிறார்.

உட்துறைமுகம்

ஒழுங்கு முக்கியம் ரீச்சர். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு ரவுட்டரும் ஒரே வலையமைப்பில் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். ஒரு போனுக்கு இங்கிருந்து கிடைக்கும், இன்னொன்றுக்கு அங்கிருந்து கிடைக்கும், வீடு முழுக்க இணையம் விட்டு விட்டு வரும்.

முதலில் கீழே ஃபைபர் ரவுட்டரின் பக்கத்தில் 'டிஎச்சிபி' பகுதியைத் திறந்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரி வழங்குகிறது என்று பாருங்கள். 2 இலிருந்து 254 வரை என்று இருந்தால் தொடக்கத்தை 20 ஆக்கிவிடுங்கள். 2 இலிருந்து 19 வரை நமக்குக் கையிருப்பாக இருக்கட்டும்.

பிறகு மேலே போய் வான் துளையிலுள்ள கேபிளைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் அடுத்த படிக்குப் போனால், உள்ளும் புறமும் ஒரே எண் குடும்பமாகிவிட்டது என்று பல ரவுட்டர்கள் ஏற்க மறுக்கும். கழற்றிய பின் மேல் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, 'லான்' பகுதியில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பக்கம் அப்படியே உறைந்து நிற்கும், பயப்பட வேண்டாம். கணினியின் கேபிளை ஒருக்கா கழற்றிக் குத்திவிட்டு, பிரவுசரில் 192.168.1.2 என்று தட்டி உள்ளே போங்கள். இப்போது அதன் டிஎச்சிபியை ஓஃப் செய்து சேமியுங்கள்.

கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை வான் துளையில் குத்தாமல், மற்றத் துளைகளில் ஒன்றில் குத்துங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் அதற்கு 192.168.1 இல் தொடங்கும் முகவரி கிடைக்க வேண்டும். 169.254 என்று ஏதாவது வந்தால் யாரும் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். அப்படியானால் கேபிளைப் பாருங்கள்.

நிலாவெளிக் காற்று

அக்கா, அதற்கு முன் மேல் ரவுட்டரில் 'ஓப்பரேஷன் மோட்' என்று ஒரு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 'அக்சஸ் பொயின்ற்' என்று இருந்தால் அண்ணா சொன்ன எல்லாவற்றையும் ரவுட்டர் தானே செய்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தேன். பிறகு அந்த ரவுட்டரின் பக்கத்தைத் திறக்க வேண்டுமென்றால் அதற்குப் புது முகவரி என்ன கிடைத்தது என்று கீழ் ரவுட்டரின் பட்டியலில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உட்துறைமுகம்

ஆம், அது இருந்தால் அதுவே மேல். சில மாடல்களில்தான் இருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழியைச் சொன்னேன்.

கணக்கு ரீச்சர்

அக்சஸ் பொயின்ற் மோட் இல்லை. அண்ணா சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். மேலே இப்போது 192.168.1.47! வைஃபையும் முன்போலவே வருகிறது.

ஆனால் கீழிருந்து இன்னும் திறக்கவில்லை. அதே பிழை.

நிலாவெளிக் காற்று

அக்கா, மேல் கணினியில் வலையமைப்பு 'பப்ளிக்' என்று மாறியிருக்கும். செட்டிங்ஸில் முகவரி பார்த்த அதே இடத்தில் 'பிரைவேட்' என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். கேபிளில் வரும் வலையமைப்பை விண்டோஸ் பெரும்பாலும் வாசல் ரவுட்டரை வைத்துத்தான் அடையாளம் காணும். இதுவரை வாசல் மேல் ரவுட்டர், இனி கீழ் ரவுட்டர். அதனால் உங்கள் கணினி புது இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து, தெரியாத இடத்தில் எல்லாவற்றையும் பூட்டிக்கொள்கிறது.

உட்துறைமுகம்

வடிவாகச் சொன்னீர்கள். ரீச்சர், பப்ளிக்கில் இருக்கும்போது பிங் செய்தாலும், அதாவது 'இருக்கிறாயா' என்று தட்டிப் பார்த்தாலும், பதில் வராது. பிங் வரவில்லை என்றவுடன் கேபிள் பிழை என்று முடிவெடுக்க வேண்டாம். மாற்றியதும் 'அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ்' பக்கத்தில் பிரைவேட் பகுதியின் கீழ் நெட்வேர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டும் ஓனில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கணக்கு ரீச்சர்

பப்ளிக்தான் இருந்தது. மாற்றினேன். இப்போது நெட்வேர்க் பக்கத்தில் இரண்டு கணினியும் தெரிகின்றன, பெயரோடு. மேல் கணினியைத் திறந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. தினமும் நான் உள்நுழையும் நான்கு இலக்கத்தைக் கொடுத்தால் பிழை என்கிறது.

உட்துறைமுகம்

அந்த நான்கு இலக்கம் 'பின்'. அது அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான். வலையமைப்பு வழியாக வருபவருக்கு அது செல்லாது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைகிறீர்கள் என்றால், பெயராக அந்த மின்னஞ்சல் முகவரியையும், கடவுச்சொல்லாக அந்தக் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும்.

ஆனால் வகுப்புப் பிள்ளைகள் வந்து போகும் வீடு என்றால் நான் வேறு வழி சொல்வேன். இரண்டு கணினியிலும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லோடு ஒரு லோக்கல் கணக்கு உருவாக்குங்கள். பகிர்வுக்கு மட்டும். கடவுச்சொல்லை வெறுமையாக விடாதீர்கள். வெறுங்கடவுச்சொல் உள்ள கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியாக ஏற்காது. பலர் 'கடவுச்சொல் இல்லை, பிறகு ஏன் கேட்கிறது' என்று மண்டையை உடைப்பது இதனால்தான். உள்நுழையும்போது 'நினைவில் வை' என்ற பெட்டியில் சரி போட்டால் அடுத்த முறை கேட்காது. பிழையானது ஏற்கனவே பதிந்திருந்தால் 'கிரெடென்ஷல் மனேஜர்' போய் அதை அழித்துவிடுங்கள்.

கடவுச்சொல்லே வேண்டாம், எல்லோருக்கும் திறந்துவிடு என்று சில காணொளிகளில் சொல்வார்கள். விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து அப்படி விருந்தாளியாக நுழைவதை இயல்பாகவே மறுத்துவிடுகிறார்கள். நல்லதுதான்.

இன்னொன்று. ஃபோல்டருக்கு இரண்டு இடத்தில் அனுமதி இருக்கிறது. 'ஷேரிங்' பக்கத்தில் ஒன்று, 'செக்கியூரிட்டி' பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். திறக்கிறது ஆனால் சேமிக்க விடவில்லை என்றால் இரண்டாவது பக்கத்தைப் பாருங்கள். அப்பாவின் மூலப் பிரதிகள் இருக்கும் ஃபோல்டருக்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, வேலை செய்கிற ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி கொடுங்கள். கைதவறி ஒன்றும் அழியாது.

கணக்கு ரீச்சர்

திறந்துவிட்டது! இரண்டு பக்கமும். கீழிருந்து சேமித்ததை மேலே உடனே பார்த்தேன். உட்துறைமுகம் அண்ணாவுக்கும் நிலாவெளித் தங்கைக்கும் மனமார்ந்த நன்றி. மூலப் பிரதிகளை வாசிக்க மட்டும் என்றே வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். வினாத்தாள் ஸ்கேன்கள் 40 ஜிபி அளவில் இருக்கின்றன. முழுதையும் மேலே கொப்பி பண்ணப் போட்டால் நொடிக்கு 11 எம்பி என்கிறது, அதற்கு மேல் ஏறவே இல்லை. இது சரியான வேகமா?

வயர்மேன்

ரீச்சர், இது என் பகுதி. 11 இலேயே நிற்கிறது என்றால் நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு. அது பிட் கணக்கு, கொப்பி காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் பிரித்தால் பன்னிரண்டரை, செலவு போக 11 சொச்சம். 40 ஜிபிக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்றால் நொடிக்கு 110 வரை போகும், அதே வேலை ஆறேழு நிமிடம். பழைய கணினியின் டிஸ்க் கொஞ்சம் இழுத்தாலும் இதைவிடப் பல மடங்கு வேகம்.

இரண்டு இடம் பாருங்கள். முதலாவது, மேல் ரவுட்டரின் துளைகளே 100 தானா என்று பெட்டியில் பாருங்கள். மலிவான மாடல்கள் பல அப்படி. இரண்டாவது கேபிள். கிகாபிட்டுக்கு உள்ளேயுள்ள எட்டுக் கம்பியும் வேண்டும். நாலு கம்பி மட்டும் தொட்டால் 100 க்கு இறங்கி வேலை செய்யும், இணையம் வரும், ஆகவே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நம்முடைய ஊரில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கடற்காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போட்ட பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் பொன்னிறமாக இருக்க வேண்டிய ஊசிகள் பச்சை பிடித்துக் கிடக்கும். உவர்மலையும் மூன்று பக்கம் தண்ணீர்தானே. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து ஊசிகளைப் பாருங்கள். மங்கியிருந்தால் சுரண்ட வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். அந்த முனையை வெட்டிப் புது பிளக் அடிப்பதுதான் வழி. கேபிள் வெளிச்சுவரால் போகிறதென்றால் அதற்குரிய கறுப்பு உறைக் கேபிளா என்றும் பாருங்கள். வீட்டுக்குள் போடும் கேபிள் வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் வெடிக்கும், மாரியில் தண்ணீர் உள்ளே இறங்கும். இடிமழை நாட்களில் ரவுட்டரின் மின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு வெளியே போகும் கேபிளை விட்டுவிடாதீர்கள். அதன் வழியாகவும் துளை எரியும்.

பாலையூற்றுப் பொடியன்

இதற்கெல்லாம் இவ்வளவு கஷ்டப்படாமல் கிளவுட்டில் போட்டால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது அண்ணா?

உட்துறைமுகம்

40 ஜிபியை மேலே ஏற்றித் திரும்ப இறக்கும் டேற்றாவைக் கணக்குப் பார் தம்பி. லைன் அறுந்த நாளில் உன் கோப்பு உனக்கே கிடைக்காது. வீட்டு வலையமைப்புக்கு இணையமே தேவையில்லை. ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும், பகிர்வு நடக்கும். பரீட்சைக் காலத்தில் ஓர் ஆசிரியருக்கு அது பெரிய விடயம்.

அதேநேரம் பகிர்வு என்பது காப்புப் பிரதி அல்ல. பணயத் தீநிரல் ஒரு கணினிக்குள் வந்தால், எழுத அனுமதியுள்ள பகிர்ந்த ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டும். ரீச்சர், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் எடுத்து, கழற்றி, அலுமாரியில் வையுங்கள். எப்போதும் குத்தியே வைத்திருந்தால் அதற்கும் அதே கதிதான்.

கிண்ணியாப் பாலம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இழையை முழுக்க வாசித்தேன், பயனாக இருக்கிறது. என்னிடம் கிண்ணியாவில் சின்னப் போட்டோகொப்பிக் கடை. ஒரு விண்டோஸ் 7, ஒரு விண்டோஸ் 11, ஸ்கேன் செய்து நேரே ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய மெஷின் ஒன்று. விண்டோஸ் 7 இருப்பதால் எஸ்எம்பி 1 வேண்டும் என்று கடைக்கு வந்தவர் ஓன் பண்ணிவிட்டுப் போனார். உண்மையில் வேண்டுமா அண்ணன்?

உட்துறைமுகம்

வஅலைக்கும் ஸலாம் தம்பி. விண்டோஸ் 7 க்கு வேண்டாம். அது எஸ்எம்பி 2.1 பேசும், விண்டோஸ் 11 ஓடு அதுவே போதும். எக்ஸ்பிதான் முதல் பதிப்பு மட்டும் தெரிந்தது. உங்கள் கடையில் அதைக் கேட்பது மெஷினாக இருக்கலாம். பழைய ஸ்கேனர்கள் பல அதை மட்டும்தான் பேசும். மெஷினின் அமைப்புப் பக்கத்தில் எஸ்எம்பி 2 என்று தெரிவு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எஃப்டிபி மூலமாகவோ மின்னஞ்சல் மூலமாகவோ அனுப்பும் வழி இருக்கும். அதுவும் இல்லையென்றால் பென் டிரைவில் ஸ்கேன் எடுங்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வந்து போகும் கணினி அது.

விண்டோஸ் 7 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. முடிந்தால் அதை இணையத்திலிருந்து விலக்கி வையுங்கள். ரீச்சர், உங்களுக்கும்தான். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கீழுள்ள கணினி 11 க்கு ஏறுமா என்று பாருங்கள்.

சாம்பல்தீவான்

நானும் எஸ்எம்பி 1 ஐ எடுத்துவிட்டு அந்தப் பப்ளிகேஷன் சேவையை ஓட்டோமற்றிக் ஆக்கினேன். இரண்டு விண்டோஸ் 10 க்கும் இடையில் ஒன்றும் நிற்கவில்லை, பட்டியலிலும் தெரிகிறது.

கணக்கு ரீச்சர்

வயர்மேன் அண்ணா சொன்னது சரி. மேல்முனைப் பிளக்கின் ஊசிகள் பச்சை. தெரிந்த பொடியன் ஒருவரைக் கொண்டு வெட்டிப் புதிது அடித்தோம். ரவுட்டர் கிகாபிட்தான், வேகம் 70 ஐத் தாண்டிப் போகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். ஸ்கேன்கள் எல்லாம் வடிவாகத் திறக்கின்றன. அப்பா தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகள் மட்டும் மேல் கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. கீழே தமிழாகவே இருக்கிறது. பகிர்வில் கெட்டுப்போகிறதா?

நிலாவெளிக் காற்று

இல்லை அக்கா, கோப்பு கெடவில்லை. அவை பாமினியில் தட்டியவையாக இருக்கும். பாமினி யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரியும். கீழ்க் கணினியின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை எடுத்து, பகிர்ந்த ஃபோல்டரில் போட்டு, மேலே நிறுவுங்கள். ஆற அமர யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள், மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியதும் கணிதக் குறியீடுகளை ஒருமுறை சரிபாருங்கள். சமன்பாட்டு வரிகளைச் சில மாற்றிகள் தமிழ் என்று எண்ணிக் குழப்பிவிடும்.

உட்துறைமுகம்

ரீச்சர், ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் கணினிகளின் முகவரி மாறலாம். கீழ் ரவுட்டரில் டிஎச்சிபி பக்கத்திலேயே 'ரிசர்வேஷன்' என்று இருக்கும். இரண்டு கணினிக்கும் ஆளுக்கொரு எண்ணை நிரந்தரமாக எழுதிவிடுங்கள். பிறகு ஃபோல்டர் மேல் வலது சொடுக்கி 'மேப் நெட்வேர்க் டிரைவ்' கொடுத்தால் ஒரு தனி டிரைவ் மாதிரி நிற்கும், தேடிப் போக வேண்டியதில்லை.

கணக்கு ரீச்சர்

பாமினி போட்டதும் அப்பாவின் கோப்புகள் எல்லாம் திறந்தன. ரிசர்வேஷனும் போட்டாயிற்று, கீழே 192.168.1.10, மேலே 192.168.1.11. மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணித் திரும்ப ஓன் பண்ணிப் பார்த்தேன், அதே எண்களில்தான் வந்தன. வெளி டிஸ்க் இந்தக் கிழமை வாங்குகிறேன்.